புதிதாய்ப் புகும் வாலிபர்கள்

கலாசாலைகள் திறக்கும் பருவம் இது. கோபிசெட்டிபாளையத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் பள்ளிப் படிப்பை முடித்த வாலிபர் பலர் கோயம்புத்தூருக்கும், சென்னைக்கும், இன்னும் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் பயணமாகின்றனர். பட்டம் பெற்ற வேறு பலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், கோவை இயந்திரத் தொழிற்சாலைகளிலும், பெங்களூர்க் காரியாலயங்களிலும் முதன் முதலாக வேலைக்கு அமர்கின்றனர். நமது ஊருக்கு ரயில் இல்லை. ஆதலின் இவர்கள் யாவரும் பஸ் ஏறியே உலகிற்குள் பிரவேசிக்க வேண்டியவராயிருக்கின்றனர். பெற்றோர் கண்ணில் நீர். பிள்ளைகள் நெஞ்சில் ஆசையும் அச்சமும். இஃது ஆண்டுதோறும் நிகழ்வது. ஆண்டுதோறும் நிகழ்வதாலேயே இதைப் பற்றி ஒருவரும் ஆர அமர யோசிப்பதில்லை.

ஒரு மாணாக்கனுக்குக் கலாசாலையில் இடம் கிடைக்கும்வரை அவன் வீட்டார் படும் பாடு கொஞ்சமன்று. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதும், கலந்தாய்வுக்கு அலைவதும், மஞ்சளை வந்த விலைக்கு விற்றோ நகையை அடகு வைத்தோ சம்பளப் பணம் சேர்ப்பதும் நாம் அறிந்தவையே. இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த மாத்திரத்தில் எல்லாரும் பெருமூச்செறிகின்றனர். தம் கடமை தீர்ந்தது என எண்ணுகின்றனர். நாம் சொல்ல விரும்புவது இதுதான்: இடம் கிடைப்பது வேறு; கிடைத்த இடத்தில் நிலைப்பது வேறு. முன்னதற்கு ஊரே பாடுபடுகிறது. பின்னதை அவ்வாலிபன் ஒருவன் தலையிலேயே சுமத்திவிடுகிறோம்.

கொடிவேரி அணையின் நீர் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் வழியே பாயும் இந்நாட்டில் நாற்று நடுதலைப் பற்றி எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. நாற்றங்காலில் பசுமையாய் அடர்ந்து நின்ற நாற்று, வயலில் நட்ட மறுநாள் வாடித் துவண்டு மஞ்சளித்து நிற்கும். அதைக் கண்டு உழவன் 'இது உதவாத நாற்று' எனச் சொல்லி எறிந்துவிடுவதில்லை. வேர் பிடிக்கும்வரை மெல்லிய நீர் நிறுத்துகிறான். வெள்ளம் பாய்ச்சுவதில்லை, காயவும் விடுவதில்லை. அழிந்த இடத்தில் மறு நாற்று ஊன்றுகிறான். பயிருக்கு இத்துணைப் பரிவு காட்டும் நாம், பெற்ற பிள்ளைகளைப் புதுநிலத்தில் நட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வருதல் முறையாகுமா?

இதற்குச் சரித்திரத்தில் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. இன்று நமது ஜில்லாவின் தலைநகரமாயுள்ள ஈரோட்டில், தம் தாயின் பிறந்தகத்தில், 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி பிறந்தவர் கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன். அவர் வளர்ந்தது கும்பகோணத்தில். அவரது மேதையைப் பற்றி உலகம் நிரம்பப் பேசியிருக்கிறது. புதிய இடங்களில் அவர் புகுந்தது எவ்வாறு, அங்கே நிலைத்ததும் நிலையாததும் எதனால் என்பதைப் பற்றிப் பேசுவார் குறைவு. அவர் வாழ்வில் அத்தகைய பிரவேசங்கள் மூன்று. மூன்றும் நமக்குப் பாடமாவன.

முதலாவது, 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் அவர் சேர்ந்தது. பள்ளியில் பரிசும் புகழும் பெற்று, உபகாரச் சம்பளத்துடன் உள்ளே சென்றவர் அவர். ஆயினும் கணிதத்தையன்றி வேறொன்றிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலப் பாடத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. ஒரு மாணாக்கன் முதலாண்டில் தடுமாறினால் அவனை அறிவிலி எனத் தீர்மானிப்போர் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும். தடுமாறியவர் யார்? பின்னாளில் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகிய ராமாநுஜன்!

இரண்டாவது, 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தின் கணக்குப் பகுதியில் அவர் குமாஸ்தாவாக அமர்ந்தது. சம்பளம் சொற்பம், ஆண்டுக்கு 20 பவுன் எனக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவரே எழுதியிருக்கிறார். வேலையோ அவர் அறிவுக்கு எவ்விதத்திலும் பொருந்தாதது. எனினும் அங்கே அவர் நிலைத்தார். காரணம் என்ன? அங்கே மேலதிகாரியாயிருந்த எஸ். நாராயண ஐயர் ஒரு கணித அபிமானி. மாலையில் வேலை முடிந்ததும் திருவல்லிக்கேணியில் தமது வீட்டில் ராமாநுஜனை அருகே அமர்த்தி, இருவரும் ஆளுக்கொரு பலகையுடன் இரவு வெகுநேரம் கணக்குப் போடுவர். அவர் ராமாநுஜனைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. 'உமக்கு விளங்கியது பிறருக்கும் விளங்க வேண்டாவா? இடையில் விட்ட படிகளையெல்லாம் எழுதும்' எனும் கருத்துப்பட இடித்தும் கூறினார். துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவும் அவர் மூலமே கிட்டிற்று. அந்த மேஜையிலிருந்தே 1913 ஜனவரியில் ஹார்டிக்கு அக்கடிதம் சென்றது. அவ்வாண்டிலேயே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் கொடுத்து அவரை ஆராய்ச்சி மாணாக்கராக ஏற்றது. பெரிய கலாசாலை இரண்டு செய்யாததை ஒரு காரியாலயத்தில் மூத்தவர் ஒருவர் செய்தார். புதியவனுக்கு வேண்டுவது மாளிகையன்று. அருகில் அமர்வார் ஒருவர்.

மூன்றாவது, 1914 மார்ச்சு 17-ஆம் தேதி கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் டிரினிடி கலாசாலை புகுந்தது. அங்கே அறிவுக்குக் குறைவில்லை. ஹார்டியும் லிட்டில்வுட்டும் இருந்தனர். நெவில் என்பார் முதலில் தம் வீட்டிலேயே அவருக்கு இடமளித்தார். ஆனால் மனிதன் அறிவினால் மாத்திரம் வாழ்கிறானா? ராமாநுஜன் மரக்கறி உணவினர். தாமே தனியே சமைத்து உண்டார். கலாசாலை போஜன மண்டபத்தில் பிறருடன் அமரும் பழக்கம் அவருக்கு ஏற்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மகாயுத்தமும் மூண்டது. காய்கறிக்கும் தட்டுப்பாடு வந்தது. அக்காலத்தில் அங்கு மாணாக்கராயிருந்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் பின்னாளில் ஒரு செய்தியைச் சொன்னார். குளிரினால் உறக்கமின்றி ராமாநுஜன் வருந்துகிறார் என அறிந்து அவர் அறையில் சென்று பார்த்தாராம். படுக்கையில் கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை விரிப்போடு மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், ராமாநுஜன் மேலங்கியையும் போர்வையையும் போர்த்துக்கொண்டு அவற்றின் மேலேயே உறங்கி வந்தார்!

எண்களின் இரகசியங்களையெல்லாம் கண்டவருக்குக் கம்பளியின் இரகசியம் தெரியவில்லை. இது நகைப்பதற்கன்று. அவ்வூரார்க்கு அது சொல்லத் தேவையற்ற சங்கதி. இவருக்குக் கேட்கத் தோன்றாத சங்கதி. புதிய இடத்தில் நம்மவர் படும் துன்பங்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கின்றன. 1917-இல் ராமாநுஜன் நோயுற்றார். 1918-இல் ராயல் சொஸைட்டி, டிரினிடி ஆகிய இரண்டின் கௌரவங்களும் வந்தன. 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி தமது 32-ஆம் வயதில் காலமானார். நோய்க்குத் தனிமையே காரணம் என்று நாம் கூறவில்லை. அது கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாயிருக்கலாம் எனப் பிற்காலத்தில் ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் எழுதியுள்ளார். ஆயினும் நோயுற்ற வாலிபன் ஒருவன் அடுப்பும் தானுமாய் அந்நிய நாட்டில் இருந்தான் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துகின்றது.

இதனோடு மற்றொரு சரித்திரத்தை ஒப்பிட்டு நோக்குக. 1888-இல் மோகன்தாஸ் காந்தி பத்தொன்பது வயது நிரம்பாத வாலிபராய்ச் சட்டம் படிக்க லண்டனுக்குப் புறப்பட்டார். அவரும் மரக்கறி உணவினர், அவரும் கூச்சமுடையவர். சென்ற புதிதில் சீமைத் துரையாகிவிட வேண்டும் என்று விலையுயர்ந்த உடை வாங்கினார், நடனம் கற்றார், பிடில் கற்றார், பேச்சுக் கலைக்கும் ஆசிரியர் வைத்தார். சுமார் மூன்று மாதத்தில் அம்மயக்கம் தெளிந்தது. தாம் வந்தது மாணாக்கராக என்பதை உணர்ந்தார். செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டியை விட்டு நடக்கலானார். சிறிய அறைக்கு மாறினார். பசியோடு தெருத்தெருவாய் அலைந்து ஒரு மரக்கறி உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். அவ்விடுதி வயிற்றை மாத்திரம் நிரப்பவில்லை. அதன் வழியே மரக்கறிச் சங்கத்தார் நண்பராயினர். அச்சங்கத்தின் நிர்வாக சபையிலும் அவர் அமர்ந்தார். தம் தாய்க்குக் கொடுத்த வாக்கையும் விடவில்லை; ஊராரோடு கலக்கவும் தவறவில்லை. தம்மை மாற்றிக்கொள்ளாமலே தமக்கு ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்டார். புதிய இடத்தில் நிலைக்கும் வித்தை இதுவே என்பது நமது துணிபு.

இவ்விரு சரித்திரங்களினின்றும் நமது வாலிபர்களுக்குச் சில வார்த்தை சொல்லுவோம்.

முதலாவது, கேட்க நாணாதீர்கள். நூல்நிலையத்தில் புத்தகம் எடுப்பது எவ்வாறு, விடுதியில் சாப்பாட்டுக் கணக்கு எவ்வாறு, ஆசிரியரை எந்நேரத்தில் காணலாம் என்பனவற்றை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். முதல் வாரத்தில் கேட்பவனைப் புதியவன் என்பர்; ஆறாம் மாதத்தில் கேட்பவனை அசடன் என்பர்.

இரண்டாவது, தனியே உண்ணாதீர்கள். அறை நண்பன், வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் என யாரேனும் ஒருவரோடு அமர்ந்து உண்ணுங்கள். நம் ஊர்க்காரரோடு மட்டும், நம் ஜாதியாரோடு மட்டும் கூடியுண்ணும் வழக்கம் வேண்டா. கலாசாலைக்குப் போவதே பிறரை அறிவதற்காக. இக்காலத்தில் செல்போன் என்னும் கருவி ஒன்றுண்டு, அதனால் வீட்டாரோடு நாள்தோறும் பேச முடிகிறது, நன்றே. ஆனால் மாலை முழுதும் அதிலேயே ஊரிலுள்ள நண்பரோடு பேசிக்கொண்டிருப்பவன், உடலால் கோவையிலும் உயிரால் கோபியிலும் இருக்கிறான். அவனுக்கு அடுத்த அறையில் இருப்பவன் பெயர் தெரியாது.

மூன்றாவது, மாதம் வரும் பணத்துக்குக் கணக்கு எழுதுங்கள். முதல் மாதத்தில் நண்பருக்காகத் தாராளமாய்ச் செலவிட்டு, இரண்டாம் மாதத்தில் கடன் கேட்டு, மூன்றாம் மாதத்தில் அந்நண்பரைக் கண்டு ஒளியும் வாலிபர்கள் பலர். காந்தியடிகள் லண்டனில் எழுதிய காலணாக் கணக்கு, பின்னாளில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தைக் கையாளும்போது தமக்கு உதவியதாக அவரே கூறியுள்ளார்.

நான்காவது, ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். தமிழில் பயின்று வந்த மாணாக்கர் பலர், பாடம் விளங்காமையாலன்று, பாஷை விளங்காமையால் வாயடைத்துப் போகின்றனர். முதல் மாதம் வாயடைத்தவன் ஆண்டு முழுவதும் வாயடைத்தே இருக்கிறான். நாமும் ஆங்கிலம் கற்றுச் சட்டம் பயின்றவர்களே. அனுபவத்தின் மேல் சொல்லுகிறோம். ஆங்கிலம் ஒரு கருவி, அறிவன்று. பாடத்தை முதலில் தமிழில் தெளிவாய் அறிந்துகொண்டு, பின்னர் ஆங்கிலத்தில் படிப்பின் சொற்கள் தாமே வழிப்படும். நாள்தோறும் பத்துச் சொல், ஒரு பக்கம் எழுத்து. ஓராண்டில் அச்சம் ஓடிவிடும். அதே சமயம் ராமாநுஜனின் முதற்கதையையும் மறவாதீர்கள். விருப்பமான பாடம் ஒன்றையே பற்றி மற்றவற்றைக் கைவிட்டால், அந்த விருப்பமான பாடத்தின் வாயிலும் அடைபடும்.

வேலைக்குப் போகும் வாலிபர்க்குத் தனியே ஒரு சொல். வக்கீல் தொழிலில் புகுந்தோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. கலாசாலையில் சட்டம் கற்கலாம். ஆனால் எந்த மனுவை எந்த மேஜையில் எப்பொழுது கொடுப்பது என்பதை மூத்த வக்கீலின் குமாஸ்தாவே கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் அத்தகைய மூத்த தொழிலாளி ஒருவர் இருப்பார். பட்டம் அவரிடம் இராது. தொழில் அவரிடம் இருக்கும். அவருக்கு வணக்கம் சொல்லி அவரிடம் கற்பவன் மூன்று மாதத்தில் கற்பதை, அவரை அலட்சியம் செய்பவன் மூன்று ஆண்டிலும் கற்கான். வணங்கிக் கற்பது வேறு; உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. நியமனக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். அதைப் படித்த பின்னரே கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். கலாசாலைகளும் மாணாக்கரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தல் ஆகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. பெண் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த ஸ்தாபனத்திலும் தம் குறையை விசாரிக்க ஓர் உட்குழு உளதா என வினவலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண் தொழிலாளர் சேர்ந்து பத்துப் பேர் இருந்தாலே அதனைக் கட்டாயமாக்கியுள்ளது.

இனி, கலாசாலைகளில் புதியவர்க்கு நேரும் கொடுமை ஒன்றைச் சொல்லாதிருத்தல் இயலாது. ராகிங் என்னும் பகடிவதையையே குறிக்கின்றோம். 1996-இல் சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கலாசாலையில் முதலாண்டு மாணாக்கர் ஒருவர் மூத்த மாணாக்கரால் கொலையுண்டார். தமிழ்நாடு நடுங்கியது. 1997-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை பகடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. இரண்டாண்டு வரை சிறை, பதினாயிரம் ரூபாய் வரை அபராதம், கலாசாலையினின்றும் நீக்கம் என்பவை அதன் தண்டனைகள். 2009-இல் மானியக் குழு வகுத்த விதிகளோ, சேரும்போதே மாணாக்கரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்கின்றன. முறையிட விரும்புவோர் 1800-180-5522 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

'சிறிது துன்பப்பட்டால்தான் பையன் உறுதிப்படுவான். நாங்களும் பட்டவர்களே' எனச் சில பெரியவர் சொல்லுவர். அது போலி நியாயம். உழைப்பினால் வரும் துன்பம் உறுதியைத் தரும். அவமானத்தினால் வரும் துன்பம் அச்சத்தையும், அடுத்த ஆண்டு பிறரை அவமதிக்கும் ஆசையையுமே தரும். அடிமைத்தனத்தை வெறுத்து விடுதலைக்குப் பாடுபட்ட நாட்டில், ஓராண்டு மூத்தவன் ஓராண்டு இளையவனுக்கு எஜமானன் ஆவதா? மூத்த மாணாக்கர்களே! நாராயண ஐயர் செய்த பணியே உங்கள் பணி. பலகையோடு அருகில் அமர்ந்து கற்பியுங்கள். மஹலனோபிஸைப் போல் அறைக்குச் சென்று 'குளிர்கிறதா?' எனக் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கோவை அருகில் இருப்பதால் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது. நட்ட நாற்றை வாரந்தோறும் பிடுங்கி வேர் பார்க்கும் உழவன் உண்டோ? முதல் சில வாரங்கள் அங்கேயே இருக்க விடுங்கள். ஆனால், பிள்ளை உண்ணவில்லை, உறங்கவில்லை, பேசவும் மனமில்லை என அறிந்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்; நேரில் சென்று பாருங்கள். 'இத்துணைப் பணம் கட்டியிருக்கிறோமே' என்ற பேச்சை அன்று எடுக்க வேண்டா. உள்ளச் சோர்வுக்கு ஆலோசனை கூற இந்திய அரசாங்கம் 2022-இல் 14416 என்னும் எண்ணில் டெலிமானஸ் சேவையைத் தொடங்கியது. படிப்பு போனால் மீட்கலாம். பிள்ளை போனால் மீட்கலாகுமோ?

இறுதியாக, நமது ஊரின் கடமை. அரசாங்கப் பள்ளிகளில் படித்துக் கலாசாலை செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-இலும், ஆண்களுக்கு அவ்வாறே தரும் திட்டத்தை 2024-இல் கோவையிலும் தொடங்கியது. பணத்தை அரசாங்கம் தரலாம். அருகில் அமர்தலை அரசாங்கம் தர முடியாது. அது நாம் தர வேண்டியது. கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் வேலையில் நிலைத்துள்ள கோபிக்காரர் எத்தனையோ பேர். ஊர்ப் பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள தொண்டர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இவ்வாண்டு வெளியேறும் மாணாக்கரின் ஜாபிதா ஒன்றும், வெளியூர்களிலுள்ள நம்மவரின் ஜாபிதா ஒன்றும் எடுத்து, ஒரு புதியவனுக்கு ஒரு மூத்தவர் என இணைத்துவிடலாம். முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை, பின்னர் மாதம் ஒரு முறை சென்று பார்த்தல் போதும். இதற்குப் பெரிய நிதி வேண்டா, கட்டடம் வேண்டா, மேடையும் மாலையும் வேண்டவே வேண்டா. பெண்களுக்குப் பெண்களையே நியமிக்க வேண்டும். ஜாதி பார்த்து இணைத்தல் கூடவே கூடாது.

இது இவ்வூருக்கு இயலாததன்று. 2011-இல் மறைந்த தியாகி ஜி.எஸ். லக்ஷ்மண ஐயர் இங்கே நகரசபைத் தலைவராயிருந்து, மனிதன் மலத்தை மனிதன் சுமக்கும் கொடுமையை ஒழித்தார். புறத்தே நிறுத்தப்பட்டவரை உள்ளே அழைத்து அமர்த்துவதே அவர் வாழ்நாள் முழுதும் செய்த பணி. அதற்காகத் தம் சொந்த சமூகத்தாரின் விலக்கையும் அவர் குடும்பம் ஏற்றது. அத்தகைய ஊர், தன் பிள்ளைகளைப் புதிய இடத்தில் புறத்தே நிற்க விடலாமா?

தேசத்தை நடத்தப் போகிறவர் இவ்வாலிபர்களே என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர்கள் முதல் நூறு நாள் தளராமல் நின்றால், பின்வரும் ஆயிரம் நாளையும் தாமே நடத்திக்கொள்வர். அந்த நூறு நாளுக்குத் துணை நிற்பது பெரிய தியாகமன்று, சிறிய கடமை. சிறிய கடமையைச் செய்யாதவர் பெரிய பேச்சுப் பேசுதல் அழகன்று. கலாசாலைகள் திறந்துவிட்டன, ஜாபிதா எடுக்கும் வேலை இவ்வாரமே தொடங்குக.